குர்பானிக் கத்தி: புதிய கத்தி ஏன் சீக்கிரம் மழுங்குகிறது?

ஹஜ் பெருநாள் நெருங்கும்போது பல வீடுகளில் புதிய கத்தி வாங்குகிறோம். கடையில் விரலால் தடவிப் பார்த்தால் கூர்மையாகவே இருக்கிறது. முதல் ஆட்டை நன்றாக அறுக்கிறது. கறி வெட்டி முடிப்பதற்குள் மழுங்கிவிடுகிறது. 'இரும்பு சரியில்லை' என்று அதை ஓரங்கட்டிவிடுகிறோம். அதே கத்தியை வீட்டுக் கல்லில் இரண்டு மூன்று முறை முறையாகத் தீட்டிய பிறகு பார்த்தால், கூர்மை முன்பைவிட நெடுநேரம் நிற்கிறது. பெரும்பாலும் குறை இரும்பில் இல்லை. ஆலையில் வைத்த கூரில்தான் இருக்கிறது.

இது வெறும் சமையலறை விஷயம் அல்ல. அறுக்கும்போது அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவிய செய்தி, ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. கத்தி பாதியில் மழுங்கினால் அதன் துன்பம் வாயில்லா ஜீவனுக்கே.

கூர் என்பது எது?

கத்தியின் இரு பக்கச் சரிவுகளும் சந்திக்கும் கோடுதான் கூர். நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் அகலம் ஒரு மைக்ரான் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இருக்கும். மனித முடியின் தடிமனோ 50 முதல் 100 மைக்ரான். இவ்வளவு மெல்லிய விளிம்பு வளையாமல் நிற்க வேண்டுமானால் அங்குள்ள எஃகு கடினமாக இருக்க வேண்டும். அதற்காகவே எஃகைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, பின்பு மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். சமையல் கத்திகளுக்கு இந்தக் கடைசிச் சூடு பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதைவிட அதிகச் சூடு பட்டால் எஃகு இளகத் தொடங்கும்.

ஆலையில் நடப்பது

முதல் காரணம் சூடு. ஆலையில் பெரும்பாலான கத்திகளுக்கு வேகமாகச் சுழலும் பெல்ட்டிலோ சக்கரத்திலோ சில நொடிகளில் கூர் வைக்கிறார்கள். உராய்வில் எழும் சூட்டைக் கத்தியின் தடித்த முதுகு தாங்கிக்கொள்ளும். முடியைவிட மெல்லிய விளிம்புக்குச் சூட்டைக் கடத்திவிட வழியில்லை. எனவே விளிம்பு மட்டும் நொடிப்பொழுதில் அளவுக்கு மீறிச் சுட்டுப் பதம் இழக்கிறது. அகலமாகச் சூடேறினால் எஃகு வைக்கோல் நிறமோ நீல நிறமோ அடைந்து காட்டிக்கொடுக்கும். விளிம்பில் மட்டும் நடந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம் பிசிறு. ஒரு பக்கம் தீட்டும்போது விளிம்பில் மெல்லிய உலோகத் தகடு மறுபக்கமாக மடிந்து நிற்கும். இதை முழுவதும் நீக்காமல் மெருகுச் சக்கரத்தில் நிமிர்த்திவிட்டால் கத்தி மிகக் கூர்மையாகத் தோன்றும். விரலில் நாம் உணர்வது பல நேரம் இந்தப் பிசிறைத்தான். நாலைந்து வெட்டுகளில் அது மடியும் அல்லது உடையும். பின்னால் இருப்பது மழுங்கிய விளிம்பு.

கல்லில் மெதுவாக, நீர் விட்டுத் தீட்டும்போது இளகிய மெல்லிய அடுக்கு தேய்ந்து, உள்ளே பதம் கெடாத எஃகு வெளியே வருகிறது. பிசிறும் நீங்குகிறது. கூர்மை நெடுநேரம் நிற்பதற்கு இதுவே காரணம். ஒரே தடவையில் அந்த அடுக்கு போய்விடாது என்பதால்தான் இரண்டு மூன்று முறை தேவைப்படுகிறது. எல்லாப் புதிய கத்திக்கும் இது பொருந்தாது. நீர்க்கல்லில் கையால் முடிக்கப்பட்டவை தொடக்கத்திலேயே நன்றாக நிற்கும். எஃகே தரம் குறைந்ததாக இருந்தால் எத்தனை முறை தீட்டினாலும் பெரிய பயன் இராது.

வீட்டில் தீட்டும் முறை

1. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் கொண்ட கல் போதும். கல்லை நனைத்து, வழுக்காமல் ஈரத்துணி மேல் வையுங்கள்.

2. கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாய்த்தால் 45 டிகிரி. அதிலும் பாதி சாய்த்தால் ஏறக்குறைய 22 டிகிரி. அறுப்புக்கும் கறிக்கும் இந்தச் சாய்வு போதும்.

3. அடி முதல் நுனி வரை ஒரே சாய்வில் தீட்டுங்கள். மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு தட்டுப்பட்டதும் கத்தியைத் திருப்புங்கள்.

4. நைசான பக்கத்தில், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தீட்டிப் பிசிறை நீக்குங்கள். இறுதியில் பழைய தோல் வாரில், கூர் பின்னால் வரும்படி சில முறை இழுங்கள்.

5. பஞ்சால் முதுகிலிருந்து கூர் நோக்கித் துடையுங்கள். நார் சிக்கினால் பிசிறு மிச்சமிருக்கிறது. விளக்கொளியில் கூரை நேராகப் பாருங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல்.

சாணை பிடிப்பவரிடம் கொடுத்தாலும் இதே கவனம் வேண்டும். உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் ஆலையில் நடந்ததே திரும்பவும் நடக்கும். லேசாகத் தொட்டு எடுக்கவும், அடிக்கடி நீரில் நனைக்கவும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரக்கல்லில் ஒருமுறை தீட்டிவிடுங்கள்.

பெருநாளுக்கு முன்

புதிய கத்தியைப் பெருநாளுக்குச் சில வாரங்கள் முன்பே வாங்கி, தீட்டி, வீட்டுக் கறிவேலையில் பயன்படுத்தி, மீண்டும் தீட்டுங்கள். அறுப்புக்கு ஒரு கத்தி, எலும்பு வெட்ட வேறொரு கத்தி என்று பிரித்து வையுங்கள். எலும்பில் பட்ட கூர் உடனே சிதையும்.

தீட்டும் வேலை முந்தைய நாளே முடிந்திருக்கட்டும். பிராணியைப் படுக்க வைத்துவிட்டு அதன் முன்னால் கத்தி தீட்டியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தியை இமாம் ஹாகிம் பதிவு செய்துள்ளார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிராணிகள் இருந்தால், தீட்டிய கத்திகளை இரண்டு மூன்றாகவே தயாராக வைத்துக்கொள்வது நல்லது. நம் குர்பானிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.