அஞ்சலகத்துக் குயினைனும் மருத்துவர் சீட்டும்

மருந்தின் பெயரைச் சொல்லி ‘இதையே எழுதித் தாருங்கள்’ எனக் கேட்கும் நோயாளியை இணையம் உருவாக்கியதாகப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. இந்திய மருந்து வரலாறு அவரை இன்னும் பின்னே கொண்டு நிறுத்துகிறது.

1892-இல் வங்காளத்தில் காலனிய அரசு குயினைனைக் காலணாப் பொட்டலங்களாக அஞ்சலகங்களில் விற்கத் தொடங்கியது. டார்ஜிலிங் மலைச்சாரலில் அரசே சிங்கோனாத் தோட்டங்களையும் நடத்திவந்தது. அஞ்சலக ஊழியர் விற்றார். காய்ச்சல் கண்டவர் வாங்கினார். இடையே மருத்துவர் இல்லை. மலேரியா மண்டிய சிற்றூர்களில் மருத்துவர் வரும்வரை காத்திருக்க இயலாது என்பதால் இந்த ஏற்பாட்டை எளிதில் குறைகூற முடியாது. ஆயினும், பெயர் தெரிந்த மருந்தைக் காசு கொடுத்து நேரே பெறலாம் என்னும் பழக்கத்துக்கு அரசே வழிகாட்டியது.

கட்டுப்பாடு பிந்தியே வந்தது. அதுவும் வேறொரு கவலையிலிருந்து. 1930-இல் அமைக்கப்பட்ட ஆர். என். சோப்ரா குழுவை முதன்மையாக உறுத்தியவை போலி மருந்தும் தரக்குறைவுமே. 1940-இன் மருந்துச் சட்டமும் 1945-இன் விதிகளும் அதன் தொடர்ச்சி. அவ்விதிகளின் ‘எச்’ அட்டவணை மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது. இந்த எச்சரிக்கை மருந்தின் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துத் தரும் கடைக்காரர் பல வேளைகளில் அவ்வரியையும் சேர்த்தே கத்தரித்துவிடுகிறார்!

மருத்துவரின் மறுப்பு வலுவிழப்பது இங்கேதான். சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என அவர் சொல்லலாம். நோயாளி தெருமுனைக் கடையில் அதை வாங்கிக்கொள்வார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பின்னர், 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகள் ‘எச்1’ அட்டவணைக்குள் வந்தன. அவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி இருவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும்.

பதிவேட்டால் அச்சத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு ரெம்டெசிவிர் பரிந்துரைக்கத்தக்கதன்று என உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அறிவித்திருந்தது. எனினும் 2021-இன் இரண்டாம் அலையில் நாடெங்கும் உறவினர்கள் அக்குப்பிகளைத் தேடி அலைந்தனர். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசே விற்பனை முகப்பு திறந்தது. அஞ்சலகக் குயினைனுக்குச் சீட்டு தேவைப்படவில்லை; இங்குத் தேவைப்பட்டது. ஆனால் அச்சீட்டில் மருத்துவரின் தீர்ப்பு எவ்வளவு, வெளியே காத்திருந்த குடும்பத்தின் மன்றாட்டு எவ்வளவு என்பதை எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. கூட்டம் பெருகவே விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாறியது. பின்னர் அரசு அம்மருந்தை நேரே மருத்துவமனைகளுக்கு வழங்கத் தொடங்கிய பிறகே வரிசை கலைந்தது.