ஒளியை உமிழ்ந்த கேமரா

அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. வண்ணத் தரம் 1953 டிசம்பரில் ஏற்கப்பட்டது. ஆயினும் மூன்று படம்பிடி குழாய்களைக் கொண்ட ஆர்.சி.ஏ. கேமரா சிறிய நிலையங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. மூன்று படிமங்களையும் பிசகின்றிப் பொருத்துவதும் கடினம்.

1956-இல் டூமான்ட் நிறுவனத்தின் வைட்டாஸ்கேன், ஒளியின் திசையையே மாற்றியது. இதன் கேமரா ஒளியைப் பெறவில்லை, உமிழ்ந்தது. எதிர்மின் கதிர்க்குழாயின் ஒளிப்புள்ளி காட்சியை வரிவரியாக வருடியது. சிதறிய ஒளியைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் பொருத்திய ஒளிமின் பெருக்கிக் குழாய்கள் ஏற்றன. வருடும் புள்ளி ஒன்றே ஆதலால் நிறங்கள் ஒன்றைவிட்டொன்று விலகவில்லை.

உத்தி புதிதன்று. 1932-இல் பிபிசியின் 30 வரிக் கறுப்பு வெள்ளை ஒளிபரப்பும் இருட்டறையில் இவ்வாறே நிகழ்ந்தது. வைட்டாஸ்கேன் அரங்கில், ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையிலான கணநேர வெற்றிடத்தில் மட்டும் விளக்குகள் மின்னின.

மில்வாக்கியின் டபிள்யூ.ஐ.டி.ஐ. நிலையம் இதைப் பயன்படுத்தியது. ஆனால் பகல் வெளிச்சத்தில் இக்கருவி செயலற்றது. செலவு குறைந்தது, காட்சி நான்கு சுவர்களுக்குள் அடங்கியது. இலத்தீனில் ‘கேமரா’ என்றால் அறை என்றே பொருள்; சொல் தன் பழம்பொருளுக்கே திரும்பியது எனலாம். பெருநிறுவனக் கேமராக்களை மட்டும் நிரல்படுத்தும் வரலாறுகளில், சிறிய நிலையங்கள் எந்த நிபந்தனையில் வண்ணத்தை எட்டின என்னும் பக்கம் விடுபட்டுப்போகிறது.