போகம்பரைக் கதவும் மட்டக்களப்புக் கடலும்

இந்திய போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி 1948 இல் கலைந்த கதையை இந்தக் கிழமை சொல்வதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். ஆனால் சொலமனைத் தாண்டி என் பேனா நகரவில்லை.

சொலமன், கண்டி போகம்பரைச் சிறையின் காவலர். இலங்கை இடதுசாரித் தலைவர்களான பிலிப் குணவர்த்தன, என்.எம்.பெரேரா, கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி நால்வரும் 1940 யூனிலிருந்து விசாரணையில்லாமல் அடைபட்டிருந்தார்கள். 1942 ஏப்ரல் 7 இரவு கதவைத் திறந்துவிட்ட சொலமன், தானும் அவர்களோடு வெளியேறினார். நிரந்தர வேலையையும் பென்சனையும் ஒரே இரவில் உதறிய மனிதர். இந்தக் கட்சியின் முதல் வீரன் அவர்தான் என்பேன்.

திகதிகளைப் பாருங்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் யப்பான் குண்டு. 7 இல் சிறையுடைப்பு. 9 இல் திருகோணமலை. அன்று காலையே எங்கள் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் மூழ்கியது.

வெற்றிலைத் தோட்டங்களைக் கடந்து களுதாவளைக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் என் கண் வடக்கே திரும்பும். மட்டக்களப்புக்கு நேர் கிழக்கே அந்தக் கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல்; அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் மூழ்கியது. அவ்வழியே வந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியெடுத்தது. கடலை ஆண்ட வெள்ளைக்காரன் தன் கப்பலையே காக்க முடியாமல் நின்ற நாள் அது. அவன் பூட்டிய சிறையும் அதே கிழமைதான் திறந்தது.

தப்பியவர்களில் சிலர் மறைந்திருந்து, தோணியேறி இந்தியா சேர்ந்தார்கள். அங்கேதான் கட்சி வேர்விட்டது. 1942 ஓகஸ்ட் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தைக் கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்தபோது, இந்தச் சிறு கூட்டம் மக்களோடு நின்றது. கம்யூனிஸ்டுகளின் அந்தப் பிழையை நான் மன்னிப்பதாயில்லை. 1943 இல் பிலிப்பும் என்.எம்.மும் பம்பாயில் பிடிபட்டார்கள். இதே கட்சியைச் சேர்ந்த, யாழ்ப்பாணத்தவரான அந்தோனிப்பிள்ளை சென்னையில் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளரின் தலைவராகி, 1947 இல் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தினார்.

இவ்வளவுக்குப் பிறகு, அடுத்த ஆண்டே கட்சி சோஷலிஸ்ட் கட்சிக்குள் கரைந்தது. ஆறு வருட ஆயுள். கரைந்தது தவறு என்பதே என் முடிவு. காரணங்களை அடுத்த கிழமை எழுதுகிறேன்.