ரோசெல் ஊரின் கார்ப்பென்டர் அம்மையார்

ஹிஞ்சேவாடியின் மென்பொருள் நிறுவனங்களிலிருந்து நியூஜெர்சிக்குச் செல்வது இன்று வியப்பான செய்தியன்று. 1883ஆம் ஆண்டிலேயே அங்கே சென்று, மருத்துவம் பயின்று திரும்பி, புணேயில் வாழ்வை முடித்தவர் ஆனந்திபாய் ஜோஷி. அவருடைய கதையைப் பலரும் அறிவர். அவரை வீட்டில் வரவேற்ற பெண்மணியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அவர் தியோடோசியா கார்ப்பென்டர். நியூஜெர்சியின் ரோசெல் என்னும் சிற்றூரில் வாழ்ந்த இல்லத்தரசி. நூல் எதுவும் எழுதியவரல்லர். பதவி எதுவும் வகித்தவரல்லர். இத்தகையோரின் வாழ்வைத் தேடுவது எளிதன்று. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1850 முதல்தான் குடும்பத்தலைவர் அல்லாதோரின் பெயர்களையும் பதிவு செய்தது. குடும்பத்தலைவருக்கு அவர்கள் என்ன உறவு என்பதை 1880 முதல் குறித்தது. மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயருக்கு அதில் இடமேயில்லை. 1890ஆம் ஆண்டின் பதிவுகளோ, 1921இல் நேர்ந்த தீவிபத்தாலும் பின்னர் அரசே எஞ்சியவற்றை அழித்ததாலும் ஏறக்குறைய முழுமையாக மறைந்துவிட்டன.

ஆகவே தியோடோசியாவைக் காண வேறு வழி வேண்டும். அவ்வழி கோலாப்பூரில் தொடங்குகிறது. ஆனந்தியின் கணவர் கோபால்ராவ், மனைவியின் கல்விக்கு உதவி வேண்டி 1878இல் ராயல் வைல்டர் என்ற மதபோதகருக்குக் கடிதம் எழுதினார். கோலாப்பூரில் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பியிருந்த வைல்டர், அக்கடிதத்தைத் தம் இதழில் வெளியிட்டார். பல் மருத்துவரிடம் காத்திருந்த வேளையில் அவ்விதழைப் புரட்டிய தியோடோசியா, 1880இல் முன்பின் அறியாத அப்பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். ஆனந்திக்கு அப்போது வயது 15.

மூன்றாண்டுக் கடிதப் பழக்கத்தில் ஆனந்தி அவரை உறவுமுறை வைத்தே அழைக்கலானார். 1883 ஜூனில் ரோசெல் வீட்டை அடைந்தார். எடிசனின் மின்விளக்குகள் அச்சிற்றூரில் ஒளிரத் தொடங்கி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. பின்னர் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். காசநோயுடன் தாயகம் திரும்பிய அவர், 1887 பிப்ரவரி 26 அன்று, 22 வயது நிறையுமுன் இறந்தார்.

அவருடைய அஸ்தி தியோடோசியாவுக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், தம் பிறந்த வீட்டாரான எய்மி குடும்பத்துக்குரிய இடத்தில் அதை அவர் அடக்கம் செய்வித்தார். ஆனந்தியின் பெயர் தாங்கிய கல் இன்றும் அங்கே நிற்கிறது.

வமிசாவளி எழுதுவோர் பிறப்பையும் மணத்தையும் கொண்டே கோடுகள் வரைவர். அந்த முறைப்படி எய்மி குடும்பத்தில் ஆனந்திக்கு இடமில்லை. ஆனால் தம் குடும்பத்தார் யார் என்பதை ஓர் இல்லத்தரசி தாமே முடிவு செய்ததற்கு அக்கல் சான்று. மாவட்ட ஆவணங்களில் பெயரளவில் மறைந்திருக்கக்கூடிய தியோடோசியாவை நாம் இன்று தேடிச் செல்வதற்கும் அதுவே காரணம். சாதாரணப் பெண்களின் வரலாற்றை ஆராய்வோர், கணக்கெடுப்பு ஏடுகளோடு நின்றுவிடாமல், அவர்கள் யாருக்குக் கடிதம் எழுதினர், யாரைத் தம்மவர் அருகே புதைத்தனர் என்றும் பார்க்க வேண்டும்.