தோல் ஏற்றுமதியும் பாலாற்றின் உப்பும்

1970களின் முற்பாதியில் தில்லி இரண்டு முடிவுகளை எடுத்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அனுப்புவதைக் குறைத்து, முழுதும் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய ஊக்கமளிக்கச் சொன்னது சீதாராமையா குழு. அரசு அந்த வழியில் நடந்தது. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஒன்று வணிகத் துறையின் கோப்பு, மற்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் கோப்பு. இரண்டும் சந்திக்கவில்லை. சந்தித்திருந்தால் பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையின் கிணறுகளின் கதை வேறாகியிருக்கலாம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு வந்த ஊர்களில் குரோமிய முறை பரவியது. ஆனால் பாலாற்றுப் படுகையின் தீராத தலைவலி குரோமியம் மட்டுமல்ல, சாதாரண உப்பும்தான். தோல் அழுகாமலிருக்க உப்பிட்டே தொழிற்சாலைக்கு வருகிறது. ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்குகிறது. சுத்திகரிப்பு நிலையங்களின் வழக்கமான உயிரியல் முறை அழுகும் பொருளைச் சிதைக்குமே தவிர, கரைந்த உப்பை நீக்காது. அதைச் சவ்வு வழியே பிரித்து ஆவியாக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும். பிரித்த உப்பையும் சேற்றையும் எங்கே கொட்டுவது? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர்.

நீதிமன்றம் இதற்கு வெகு முன்பே தலையிட்டிருந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கை நெறியும் மாசுபடுத்துபவரே செலவேற்கும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானதாக ஓர் ஆய்வைத் தீர்ப்பு சுட்டியது. 2006இன் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கை இந்நெறிகளை ஏற்றது; 2010இன் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அவற்றைக் கட்டாயமாக்கியது.

நெறி தில்லிவரை போய்விட்டது. பணம் பக்கத்து ஊருக்கே போய்ச் சேரவில்லை. அந்தத் தீர்ப்பை அடுத்து அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் 547 ஆலைகளைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு ரூ. 26.82 கோடி வழங்கச் சொன்னது. சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. அந்தத் தொகையும் முழுமையாகச் சேராததால், அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

இங்கே குறை சட்டத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. லாபம் முதலில் வருகிறது, சுத்திகரிப்பு பிறகு, இழப்பீடு கடைசியில். ஆலைகளை மூடுவதும் விடையாகாது. பல்லாயிரம் குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின், கூலி தோலிலும் காலணியிலும் இருக்கிறது.

மாற்ற வேண்டியது அந்த வரிசையைத்தான். ஏற்றுமதிச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் ஆலை, கழிவு உப்பை எங்கே, யார் செலவில் சேர்க்கிறது என்ற கணக்கையும் அதே கோப்பில் காட்டட்டும். இழப்பீட்டுக்கான வைப்புத்தொகையை உரிமம் தரும்போதே அரசு பெற்றுக்கொள்ளட்டும்.