சோதியில் மறைந்த சரித்திரம்

எத்தியோப்பிய நாட்டிலே, மலைமீது, இலாலிபெலா என்றோர் ஊர் உண்டு. அங்கே பதினொரு தேவாலயங்கள். கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டியவை அல்ல. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, சுவரும் தூணும் சாளரமும் அப்பாறையிலேயே எழச் செதுக்கியவை. ஏறத்தாழ 800 ஆண்டுப் பழமை உடையவை. சுற்றிக் காட்ட வரும் வழிகாட்டிகள் பயணிகளுக்கு ஒரு கதை சொல்வதுண்டு. பகலெல்லாம் மனிதர் செதுக்கினராம். இரவானதும் தேவதூதர் இறங்கி வந்து வேலையைத் தொடர்ந்தனராம்!

உளி பிடித்துக் காய்த்த கைகள் எத்தனை ஆயிரமோ! அவற்றின் உழைப்பில் பாதியைத் தேவதூதர் கணக்கிலே வரவு வைத்தாயிற்று. ஆனாலும் ஒன்று: அந்நாட்டுக் கதை பகல் வேலையையாவது மனிதனுக்கு விட்டுவைத்தது. நம் நாட்டுத் தலபுராணம் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை.

அந்த நாட்டு மன்னர்களும், தாங்கள் சாலமோன் மன்னனுக்கும் சீபா நாட்டு அரசிக்கும் பிறந்த மகனின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக் கொண்டனர். 1955ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே அதை எழுதிவைத்தார் ஹெய்லி செலாசி. 1974இல் புரட்சி வந்தது. சாலமோன் குலக்கொழுந்தை அரண்மனையிலிருந்து ஏற்றிச் சென்றது ஒரு சிறு வோக்ஸ்வேகன் கார்! சூரிய குலம், சந்திர குலம் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதுக்கதையா என்ன?

அக்சும், கோண்டார், இலாலிபெலா எனப் பழம்பெரு நகரங்களையும், 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிமியன் மலைகளையும் காட்டி வரும் பயணத்தைப் பற்றிப் படித்தபோது நமக்குத் தோன்றியது இதுதான். நகரங்களும் மலையும் நமக்கு இல்லையா? செட்டியார்பட்டியில் எந்தத் தெருவில் நின்று மேற்கே நோக்கினும் மலை. வடக்கே இராசபாளையம், திருவில்லிபுத்தூர், தெற்கே சேற்றூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், அப்பால் தென்காசி. இவற்றை நம் பிள்ளைகளுக்குக் காட்டியவர் யார்? அக்பர் ஆண்ட ஆண்டைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன், தன் ஊருக்கு மேற்கே நிற்கும் மலையில் வாழ்வோர் யார் என்று கேட்டால் விழிக்கிறான். எனவே ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, இரண்டு நாள் பயணமாக, மாணவர் பதினெண்மருடன் புறப்பட்டோம்.

முதலில் திருவில்லிபுத்தூர். பதினொரு நிலைக் கோபுரம். தொலைவிலேயே கண்ணைப் பிடித்து நிறுத்தும் கோபுரம். தமிழக அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் இதுவே என்பார் பலர். மதுரைக் கோபுரம் என்பாரும் உளர். அந்த வழக்கைத் தீர்க்க நாம் செல்லவில்லை. கோயிலருகே நின்ற முதியவர் ஒருவர், பிள்ளைகளைக் கண்டதும் தாமே முன்வந்து ஊர்க்கதையைத் தொடங்கினார். நல்ல குரல், நல்ல தமிழ். மல்லி என்னும் வேட்டுவ அரசிக்கு வில்லி, கண்டன் என இரு மைந்தர். வேட்டையின்போது கண்டன் புலிக்கு இரையானான். வில்லியோ காடு திருத்தி நகரம் கண்டான். அவன் பெயரால் ஊரும் வில்லிபுத்தூர் ஆயிற்று.

இதுவரை கேட்கையில் நம் உள்ளம் பூரித்தது. வேடன் கண்ட நகரமா இது! வில்லேந்தியவன் பெயரையா இத்தனை நூற்றாண்டுகளாக இவ்வூர் சுமந்து நிற்கிறது! பெரியவர் அதோடு விடவில்லை. அந்த வில்லியும் கண்டனும் உண்மையில் வேடர் அல்லராம்; முற்பிறவியில் முனிவர்களாம்; சாபத்தால் வேடராய்ப் பிறந்தனராம்!

பார்த்தீர்களா வித்தையை! வேடன் ஊர் கண்டான் என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது, ஊரின் பெயரே சாட்சி சொல்கிறது, மறைக்க முடியவில்லை. ஆனால் வேடனுக்கு அந்த ஆற்றல் இருந்தது என்று ஒப்பவும் மனம் வரவில்லை. ஆகவே வேடனுக்குள்ளே ஒரு முனிவனை நுழைத்தாயிற்று. இலாலிபெலாவிலே தேவதூதர், இங்கே முனிவர்.

நம்முடன் வந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, அந்த வில்லி வழியிலே வந்தவங்க இப்ப எங்கே இருக்காங்க?" பெரியவர் சிரித்தார், விடை சொல்லவில்லை. நாம் மேற்கே மலையைக் காட்டினோம். வில்லியின் வழியினர் இவர்தாம் என்று அறுதியிட நம்மிடம் சான்று இல்லை. ஆனால் இம்மலையிலே தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்த பளியர் என்னும் பழங்குடி மக்கள் இன்றும் இருக்கின்றனர். செண்பகத்தோப்புக் காட்டிலே சாம்பல்நிற அணிலுக்கென்று 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அணிலுக்கு இடம், புலிக்கு இடம்; வேண்டியவையே, வேண்டாம் என்பாரில்லை. காட்டிலே வாழும் மனிதனின் உரிமையைச் சட்டம் எழுத்திலே ஏற்றதோ 2006ஆம் ஆண்டில்தான்.

கோயிலின் மற்றொரு கதை ஆண்டாளுடையது. துளசித் தோட்டத்திலே கிடந்த குழந்தை. பூமாலை கட்டும் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். வளர்ந்தவள் தமிழ் பாடினாள். பின்னர் திருவரங்கத்திலே இறைவனுடன் கலந்து மறைந்தாள். பக்தியில் நமக்குப் பங்கில்லை, தமிழில் உண்டு. திருப்பாவை முப்பது பாட்டு, நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்று பாட்டு. ஒரு பெண், தன் வேட்கையைத் தன் வாயாலேயே, நாணமின்றி, நடுக்கமின்றிப் பாடியிருக்கிறாள். அத்தகைய பெண் எங்கே பிறந்தாள், எவ்வாறு வாழ்ந்தாள், எங்ஙனம் மாண்டாள் என்று கேட்பது குற்றமா?

குற்றம் என்று கூறப்பட்டதையும் கண்டோம். 2018 சனவரியில், இராசபாளையத்திலே, கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதிலே ஆய்வு நூலொன்றின் கருத்தை எடுத்துக்காட்டினார். கிளம்பியது புயல்! ஊர்வலம், வழக்கு, உண்ணாநோன்பு! புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று கவிஞர் கூறிய பின்னும் அது அடங்கவில்லை. அந்த ஆய்வுக் கருத்து வலுவான சான்றுடையதுதானா என்பது தனிக் கேள்வி. நமக்கே அதில் ஐயம் உண்டு. சான்று எங்கே என்று கேட்டிருந்தால் ஆராய்ச்சி வளர்ந்திருக்கும். கேட்கப்பட்டதோ மன்னிப்பு!

கோயிலுள் எதுவரை செல்லலாம் என்பதும் சரித்திரந்தான். இங்கிருந்து தொலைவில்லாத கமுதியிலே, 1897இல், நாடார்கள் கோயிலுள் நுழைந்தனர். வழக்கு தொடுக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் தீர்ப்பு: நுழைய உரிமையில்லை! இடையிலே, 1899இல், சிவகாசி கொள்ளையும் தீயும் கண்டது. அதே மாவட்டத்து விருதுநகரிலே, 1931இல், சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. 1939இல் மதுரையிலே ஆலய நுழைவு நடந்தது, சட்டமும் வந்தது. வாயில் திறந்தது. கருவறையின் கதவு? 1970இல் கலைஞர் ஆட்சி வாரிசுரிமை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டம் செய்தது. 1972இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டே ஆகமத்தைக் காட்டிக் கதவைப் பாதி சாத்தியது. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற பல சாதியினர் சிலர் அர்ச்சகராய் அமர்த்தப்பட்டனர். 2024 டிசம்பரில் இசைஞர் இளையராசா இதே ஆண்டாள் கோயிலின் அர்த்த மண்டப வாயிலில் நின்று வணங்கிய காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. தடுத்தனர் என்றனர் பலர். அர்ச்சகர் தவிர எவரும் அங்கே செல்வதில்லை என்றது அறநிலையத் துறை. தன்மானத்தை விட்டுக்கொடுப்பவன் அல்லன் என்று அவரே அறிக்கை விடுத்தார். மாணவர்களுக்கு இதை விளக்கப் புகுந்தபோது, ஒருவன் குறுக்கிட்டு, அர்ச்சகர் ஆவதற்கு எத்தனை ஆண்டு படிக்க வேண்டும் என்றான். நாம் பேச்சை நிறுத்திக்கொண்டோம். கேள்வி சரியான இடத்துக்கு வந்துவிட்டதே!

இவ்வூரிலே திருமலை நாயக்கரின் அரண்மனையும் ஒன்று உண்டு. அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அவ்வாண்டுகளிலேதான் எத்தியோப்பியாவில் பாசிலிடாசு என்னும் மன்னன் கோண்டார் நகரைத் தலைநகராக்கிக் கோட்டை எழுப்பினான். பயணிகள் கூட்டம் அங்கே. இங்கோ நம் வகுப்புப் பிள்ளைகள் தவிர அன்று வேறு எவரையும் கண்டோமில்லை. பால்கோவாக் கடைகளில் மட்டும் கூட்டத்துக்குக் குறைவில்லை!

இராசபாளையத்தில் அதிக நேரம் தங்கவில்லை. 1936 முதல் ஆலைச் சங்கொலி கேட்ட ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த குமாரசாமி ராஜா பிறந்த ஊர். தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். அந்த ஈகையை மாற்றார் என்பதற்காக நாம் குறைத்துக் கூறமாட்டோம். அவர் ஆட்சியின்போதுதான் வகுப்புவாரி உரிமை ஆணை நீதிமன்றத்தில் செத்தது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பெரியார் மூட்டிய கிளர்ச்சியால் நாடு கொதித்தது. சூனில் இந்திய அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. நம் மாணவர்களில் பலர் கல்லூரி வாசலை மிதிக்கப் போவது அந்தத் திருத்தத்தால். இந்த வழக்கின் பெயரை அவர்கள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் காணமாட்டார்கள்.

மறுநாள் தெற்கே. தளவாய்புரத்துத் தையல் எந்திரங்களின் ஓசையைக் கடந்து, சேற்றூர், தேவதானம், சிவகிரி என்று வேன் ஓடியது. வலப்புறத்தே மலை உடன் வந்தது. மலைக்கு மேற்கே மழை; கிழக்கே நாம். இந்த மலைமீதுதான் செண்பகவல்லி அணை. திருவிதாங்கூர் அரசும் சிவகிரி சமீனும் உடன்பட்டு அமைத்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. 1960களில் உடைந்தது, சீரமைக்கக் கோரி வாசுதேவநல்லூர் உழவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டனர்.

நெற்கட்டும்செவலில் இறங்கியபோது வெயில் உச்சி. பூலித்தேவரின் ஊர். 1755இல் கர்னல் ஹெரான் கப்பம் கேட்டு வந்தபோது மறுத்து நின்றவர். கட்டபொம்மன் தூக்குமேடை ஏறியதற்கு 44 ஆண்டுகள் முந்திய செய்தி இது. மண்கோட்டை, ஆனால் பீரங்கிக்கு ஈடு கொடுத்த மண்கோட்டை. ஆங்கிலேயரின் படைத்தலைவனாக வந்த யூசுப்கான், 1761இல்தான் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் வீழ்த்த முடிந்தது. அந்த யூசுப்கானையும் 1764இல் மதுரையில் தூக்கிலிட்டனர் ஆங்கிலேயரும் நவாபும். ஏவியவர்களே எமனானார்கள்!

பூலித்தேவரின் படையிலே முன்நின்றவர் ஒண்டிவீரன், அருந்ததியர். வெண்ணிக் காலாடி, பள்ளர். மேல் கீழ் பேசும் சமுதாயத்திலே, களத்தில் மட்டும் தோள் தோளோடு உரசியது. போர் முடிந்தது, தோள் விலகியது. ஒண்டிவீரனுக்கு அஞ்சல் தலை வந்தது 2022இல். அதற்குள் எத்தனை பாடநூல்கள் அச்சாகிக் கிழிந்தன!

எத்தியோப்பியர் 1896 மார்ச்சில், அத்வா மலைப்பகுதியிலே, இத்தாலியப் படையை முறியடித்தனர். உலகமே வியந்தது. அவர்கள் ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடுகின்றனர். அவர்கள் வென்றனர், நம்மவர் தோற்றனர் என்பது உண்மையே. ஆனால் 140 ஆண்டு முந்திக் கிளம்பிய நம்மவர் கையில் மெனிலிக் மன்னன் சேர்த்துவைத்த துப்பாக்கிகள் இல்லை. பக்கத்துப் பாளையத்தானே வெள்ளையன் பக்கம் நின்றான். இதைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும்.

பூலித்தேவர் முடிவு என்ன? சங்கரன்கோவிலிலே அதற்கும் விடை வைத்திருக்கின்றனர். சிறைப்பட்டுச் சென்றவர், வழியிலே கோயிலுள் வணங்கச் சென்று, சோதியிலே கலந்து மறைந்தாராம்! அங்கே ஓர் அறை அவர் பெயரால் இன்றும் சுட்டப்படுகிறது.

நாம் அந்த அறையின் முன் நின்று எண்ணிப் பார்த்தோம். ஆண்டாள் திருவரங்கத்தில் கலந்தாள். நந்தன் தில்லைத் தீயில் கலந்தான். பூலித்தேவர் இங்கே கலந்தார். கேள்வி கேட்ட பெண், வாயில் தாண்ட விரும்பிய புலையன், வாளெடுத்த வீரன்! இவர்களை எவர் என்ன செய்தார் என்று நாம் கேட்க முடியாதபடி, சோதி வந்து சாட்சிகளையெல்லாம் கொண்டுபோய்விடுகிறது. கொன்றவன் பெயரும் சேர்ந்தே மறைகிறது. அன்பால் இக்கதையைச் சொல்லும் எளிய மக்களை நாம் பழிக்கவில்லை. தம் தலைவன் பகைவன் கையில் மாண்டான் என்பதைத் தாங்க மாட்டாத நெஞ்சம் அது. அந்த நெஞ்சத்தை மதிப்போம். சரித்திர ஏட்டிலே மட்டும் சோதியை ஏற்றுவதற்கில்லை.

பொழுது சாயும்போது தென்காசி சேர்ந்தோம். 1446இல் பராக்கிரம பாண்டியன் தொடங்கிய கோயில். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய குலத்தவன் அம்மன்னன். அவன் பொறித்துவைத்த கல்வெட்டிலே ஒரு செய்தி உண்டு: இக்கோயில் பழுதுபட்டால் செப்பனிடப் போகும் எவராயினும், அவர் அடியில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்கிறான். முடியணிந்தவன், இன்னும் பிறவாத கொத்தனையும் வணங்குகிறான்! அவன் அஞ்சியது போலவே கோபுரம் பிளந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்று, 1990இல்தான் மீண்டும் எழுந்தது. தேவதூதர் எவரும் வரவில்லை. சாரம் கட்டி ஏறியவர் மனிதரே.

திரும்பும் வழியிலே மாணவர்கள் தம் குறிப்பேடுகளைக் காட்டினர். ஊர், ஆண்டு, கட்டியவர் என மூன்று பத்தி பிரித்திருந்தோம். கட்டியவர் பத்தியிலே பெரும்பாலோர் மன்னர் பெயர் எழுதியிருந்தனர். பின் இருக்கையில் இருந்த சிறுமி ஒருத்தி மட்டும், திருவில்லிபுத்தூருக்கு எதிரே வில்லி என்று எழுதி, முனிவர் என்ற சொல்லை அடித்திருந்தாள். அடுத்த விடுமுறையில் செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்புக்குச் செல்வதென முடிவாயிற்று. வனத்துறைக்கு விண்ணப்பம் எழுதவேண்டும். மழைக்கு முன்னே போய்வர வேண்டும்.