ஈடிபஸின் பாதத்தைத் துளைத்தது யார்?



இந்த நினைவுச் சொற்பொழிவில் நம் மண்ணின் கதை ஒன்றைப் பேசுவேன் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் கிரேக்கக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டேன். காரணம் எளியது. உளவியல் படிக்கிற மாணவர் தொடக்கத்திலேயே ஈடிபஸ் என்ற பெயரைக் கேட்டுவிடுகிறார். இலக்கிய வகுப்பிலும் தொல்படிமம் என்ற சொல்லோடு அதே பெயர் வருகிறது. மனித மனம் எங்கும் எப்போதும் இப்படித்தான் இயங்கும் என்பதற்கு அந்தக் கதை சாட்சியாக நிறுத்தப்படுகிறது. அந்தச் சாட்சியை நாம் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும்.

முதலில் கதை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சோபாக்ளிஸ் ஏதென்ஸ் அரங்குக்காக எழுதிய நாடகத்தில் உள்ளபடி சொல்கிறேன். தீப்ஸ் நகரத்து அரசன் லாயஸ். பிறக்கும் மகனால் தனக்குச் சாவு வரும் என்று குறி கேட்டவன். குழந்தை பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதன் கணுக்கால்களைச் சேர்த்துப் பிணைத்து, ஆளற்ற மலையில் எறிந்துவிட ஏற்பாடாகிறது. குழந்தையைக் கையில் வாங்கியவர் அரண்மனையின் ஆட்டிடையர். அவர் எறியவில்லை. கித்தைரோன் மலை மேய்ச்சலில் பழக்கமான கொரிந்து நாட்டு இடையரிடம் கொடுத்துவிட்டார். கொரிந்து அரசன் பாலிபஸும் அரசி மெரோபியும் குழந்தையை வளர்த்தார்கள். ஈடிபஸ் என்ற பெயருக்கே வீங்கிய பாதம் என்றுதான் பொருள். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற குறிச்சொல்லுக்கு அஞ்சி அவன் கொரிந்துக்குத் திரும்பாமல் ஓடுகிறான். முச்சந்தியில் தன்னை அடித்த ஒரு முதியவனைக் கொல்கிறான். தீப்ஸைக் காப்பாற்றி அரசனாகிறான். அரசி ஜொகாஸ்டாவை மணக்கிறான். பல ஆண்டுகள் கழித்து, நகரத்தில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், உண்மை வெளிவருகிறது.

இனி சிக்மண்ட் ஃபிராய்டிடம் வருவோம். 1896 ஏப்ரலில் வியன்னாவில் ஃபிராய்ட் ஓர் உரை நிகழ்த்தினார். தன்னிடம் வந்த 18 நோயாளிகளின் மனநோய்க்குக் குழந்தைப் பருவத்தில் அவர்கள்மீது நடந்த பாலியல் வன்முறையே வேர் என்றார். அடுத்த ஆண்டு, 1897 செப்டம்பர் 21 அன்று, நண்பர் வில்ஹெல்ம் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கோட்பாட்டில் தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார். அது உண்மையானால் இத்தனை தந்தையர்மீது குற்றம் சுமத்த வேண்டியிருக்கும் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 15 கடிதத்தில், ஈடிபஸ் வருகிறான். தாய்மீது ஆசையும் தந்தைமீது பொறாமையும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது என்ற கருத்து அங்கே முளைக்கிறது. 1900 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்த கனவுகளின் விளக்கம் நூலில் அது விரிவடைகிறது. ஃபிராய்ட் ஏன் மாறினார் என்பது குறித்து ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. நமக்கு முக்கியமானது மாற்றத்தின் திசை. பெரியவர்கள் செய்த குற்றம் இருந்த இடத்தில் குழந்தையின் ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது.

கதையிலும் அதுவே நடந்தது. ஃபிராய்டின் வாசிப்பில் லாயஸ் கொல்லப்படுகிறவன் மட்டுமே. பிறந்த குழந்தையின் காலைப் பிணைத்து வீசியவனாக அவன் அங்கே எடைபோடப்படவில்லை. 1953இல் ஜார்ஜ் டெவரோ என்ற உளப்பகுப்பாய்வாளர் இதைக் கேள்வியாக்கிக் கட்டுரை எழுதினார். குழந்தையின் பகைக்கு முன்பே தந்தையின் பகை இருக்கிறது என்றார். பிரெஞ்சு அறிஞர் ழான்-பியர் வெர்னான் 1967இல் இன்னும் நேரான கேள்வி கேட்டார். ஈடிபஸ் தாய் என்று அறிந்தவள் மெரோபி. அவளிடமிருந்து விலகத்தான் அவன் ஓடினான். அப்படியிருக்க, தாய்மீதான ஆசை இந்தக் கதையில் எங்கே இருக்கிறது?

ஃபிராய்டின் பாதையிலிருந்து பிரிந்த கார்ல் யுங் தொல்படிமம் என்ற கருத்தை முன்வைத்தார். வீரன், தாய், நிழல் போன்ற உருக்கள் மனித இனத்தின் கூட்டு நனவிலியில் பிறவியிலேயே படிந்திருக்கின்றன என்றார். மார்டினிக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனோன் 1952இல் இதை மறுத்தார். கூட்டு நனவிலி மூளை வழியாக வருவதில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு ஊட்டும் கதைகளும் முன்முடிவுகளுமே அது என்றார். ஐரோப்பியரின் மனத்தில் தீமைக்குக் கறுப்பு முகம் இருந்தால் அதை வைத்தது வரலாறு. இயற்கை என்று சொல்லிவிட்டால் மாற்ற முடியாது என்றாகிவிடும். வரலாறு என்றால் மாற்றலாம்.

இப்போது அந்த ஆட்டிடையரிடம் திரும்புவோம். அவர் ஓர் அடிமை. விலைக்கு வாங்கப்பட்டவரல்ல, அரண்மனையிலேயே வளர்ந்தவர் என்று நாடகத்தில் அவரே சொல்கிறார். முச்சந்திக் கொலையில் உயிர் தப்பியவரும் அவர்தான். திரும்பி வந்து ஈடிபஸ் அரியணையில் இருப்பதைப் பார்த்ததும், நகரம் கண்ணில் படாத தூரத்து மேய்ச்சலுக்குத் தன்னை அனுப்பிவிடும்படி அரசியின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். தீப்ஸின் முழு உண்மையும் ஓர் அடிமையின் நெஞ்சில் கிடந்தது.

அவரைக் கூட்டிவந்து கேட்கிறார்கள். அவர் பேச மறுக்கிறார். முதியவரின் கைகளைப் பின்னால் முறுக்கிக் கட்டச் சொல்கிறான் ஈடிபஸ். இது நாடகத்துக்காகச் சேர்த்த காட்சி என்று நினைக்க வேண்டாம். அடிமையின் வாக்குமூலம் சித்திரவதையில் பெற்றதாக இருந்தால்தான் செல்லும் என்பது ஏதென்ஸ் நீதிமன்றத்தின் பொதுவிதி. குழந்தையை ஏன் கொல்லவில்லை என்ற கேள்விக்கு அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: இரக்கம். அரசனும் அரசியும் காட்டாத இரக்கம் அது. அவர் உண்மையைச் சொன்ன பிறகு நாடகம் அவரை மறந்துவிடுகிறது. அவருக்கு ஒரு பெயர்கூட இல்லை.

அவர் வருவதற்குச் சற்று முன்பு இன்னொரு காட்சி இருக்கிறது. தன் பிறப்பைத் தேட வேண்டாம் என்று தடுக்கும் ஜொகாஸ்டாவிடம், நான் மூன்று தலைமுறை அடிமையின் பிள்ளை என்று தெரியவந்தாலும் உன் பிறப்புக்கு இழுக்கு வராது என்கிறான் ஈடிபஸ். அவள் அஞ்சுவது அதற்குத்தான் என்று நினைக்கிறான். அந்த மேடையில் பிறப்பைப் பற்றிய அச்சம் வெளிப்படையாகவே பேசப்பட்டிருக்கிறது. ஈடிபஸ் சிக்கலை விளக்கும் பாடநூல்களில் அது இடம்பெறுவதில்லை.

தொல்படிமப் பட்டியலில் பலியாடு என்றும் ஒன்று உண்டு. ஏதென்ஸில் தார்கேலியா திருவிழாவின்போது இருவருக்கு அத்திப்பழ மாலை அணிவித்து, நகரத்தின் தீட்டையெல்லாம் அவர்கள்மேல் ஏற்றித் துரத்தினார்கள் எனப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. அவர்களுக்கு ஃபார்மகோஸ் என்று பெயர். இன்றைய மார்செய் நகரமான மசாலியாவில், கொள்ளைநோய்க் காலத்தில் ஏழை ஒருவருக்கு ஓராண்டு பொதுச்செலவில் சோறு போட்டு, பிறகு விரட்டினார்களாம். நாடகத்தின் முடிவில் ஈடிபஸும் இப்படி ஒரு ஃபார்மகோஸ் ஆகிறான் என்று வெர்னான் விளக்கினார். பழியை ஏற்ற ஒருவரைத் தேடுவது மனித இயல்பு என்று உளவியல் சொல்லிவிட்டுப் போகலாம். வரலாறு படிக்கிறவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: ஏன் அந்த ஏழை? ஏன் ஒவ்வொரு முறையும் அவர்?

இப்படிக் கேட்பது நமக்குப் புதிதல்ல. மகாத்மா புலே 1873இல் வெளியிட்ட குலாம்கிரி நூலில் அவதாரக் கதைகளை வென்றவர் எழுதிய வரலாறாகப் படித்தார். பலி அரசனைத் தோற்ற மக்களின் தலைவனாக மீட்டார். அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அந்த நூலைக் காணிக்கையாக்கினார். அயோத்திதாசப் பண்டிதரும் வழக்கிலிருந்த புராணங்களைத் தலைகீழாக்கிப் படித்தவர். அதேநேரம் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றல்ல என்று அண்ணல் அம்பேத்கர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த இடையரை நம்மவர் என்று சொந்தம் கொண்டாட நான் வரவில்லை. அவரைப் பார்க்கத் தெரிந்த கண் நமக்கு வாய்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாணவர்களே, விடுதியிலோ வகுப்பிலோ ஒருவர் மனமுடைந்து போனால், அவருடைய மனத்துக்குள் என்ன கோளாறு என்றுதான் முதலில் கேட்பார்கள். மனத்துக்கு மருத்துவம் தேவை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனத்துக்குள் நாமே அறியாத அறைகள் உண்டு என்று காட்டிய ஃபிராய்டுக்கும் நாம் கடன்பட்டவர்கள்தான். ஆனால், வீங்கிய பாதத்தோடு ஒரு பிள்ளை வந்து நின்றால் அதன் ஆசைகளை ஆராய்வதற்கு முன் காலைப் பாருங்கள். ஆணி யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். யார் இரக்கப்பட்டார்கள், அவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் கேளுங்கள்.

ஜெய் பீம்.